தை பிறக்கட்டும் என்ற சபாபதி

"சார், லைஃப் இன்ஷூரன்ஸை எப்பதான் மாத்திப் பாக்கணும்?" என்று சபாபதி ஒருமுறை என்னைக் கேட்டார். 1980-இல் அவர் கலிபோர்னியாவின் சான்டா கிளாராவுக்கு வந்த புதிது, பிரம்மச்சாரி. பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வுபெற்ற எனக்கு எதற்கும் ஓர் உதாரணம் வேண்டும். "பிள்ளை வளர்ந்தா புதுச் சட்டை எடுக்கறோம்ல, அது மாதிரிதான். கல்யாணம், குழந்தை, வீடு, புது வேலை. எது நடந்தாலும் உடனே நாலு இடத்துல விசாரிங்க" என்றேன். தலையாட்டினார்.

சென்ற வியாழக்கிழமை காலை அவர் மனைவி வசந்தி தொலைபேசியில், "அங்கிள், அவர் போயிட்டார்" என்றார். மாரடைப்பு. முப்பத்தெட்டு வயது. துக்கத்தோடு கோபமும் வந்ததை நான் மறைக்கப் போவதில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு ரைஸ் குக்கருக்கு மூன்று கடை ஏறுபவர் சபாபதி. என் கார் இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியபோது, தன் சாப்பாட்டு இடைவேளையில் ஐந்து ஏஜென்டுகளிடம் பேசிக் குறைத்துக் கொடுத்தார். ஊருக்கெல்லாம் விசாரித்தவர் தனக்கென்று விசாரிக்கவே இல்லை.

திருமணமாகி வந்தபோது நினைவூட்டினேன். "புது மாப்பிள்ளைகிட்ட சாவைப் பத்திப் பேசறீங்களே சார்" என்று சிரித்தார். மகள் பிறந்தபோது, "ஆயுஷ்ஹோமம் முடியட்டும்" என்றார். வீடு வாங்கிப் பால் காய்ச்சிய அன்று டம்ளரை என் கையில் திணித்து, "இன்னிக்கு அந்த டாபிக் வேண்டாம் சார், இப்பதான் பால் பொங்கியிருக்கு" என்றார். விசாரிக்க வேண்டிய நாளெல்லாம் மங்கல நாள். மங்கல நாளில் மரணப் பேச்சு ஆகாது. எத்தனையோ மாணவர்களிடம் பொறுமை காத்த நான் இவரிடம் தோற்றேன்.

சென்ற ஆண்டு பெரிய கம்பெனியை விட்டு, பத்துப் பேர் தொடங்கிய ஒன்றில் சேர்ந்தார். பழைய வேலையோடு அது தந்த காப்பீடும் போயிற்று. மிஞ்சியது, தனி ஆளாக இருந்தபோது எடுத்த சிறு பாலிசி. வசந்தியே தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, மூன்று இடத்தில் கேட்டு, விண்ணப்பத்தை நிரப்பிச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார்.

"சைன் பண்ணா போதும். நீங்களாவது சொல்லுங்க அங்கிள்" என்றார், டிசம்பர் கடைசியில் நான் போயிருந்தபோது.

"மார்கழில யாராவது புதுசா ஆரம்பிப்பாங்களா? தை பிறக்கட்டும், முதல் நாளே பண்றேன்" என்றார் சபாபதி.

"கலிபோர்னியால ஏது சபாபதி மார்கழி?"

"உங்க வாசல்ல மட்டும் தினம் கோலம் இருக்கே சார்?"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

அவர் போன அன்று தைக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்தச் சிறு பாலிசி வீட்டுக் கடனுக்கு ஒரு மூலைக்கும் காணாது. வீட்டை விற்கப் போகிறார்கள்.

தகனம் முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனபோது விண்ணப்பம் அதே மேசையில் இருந்தது. எடுத்து ஒளித்துவிடலாமா என்று பார்த்தேன். வசந்தி அதை முன்னால் இழுத்து, கணவரின் பெயரை ஒரே கோடாக அடித்தார். "நாளைக்கு இதுமாதிரி வேற ஃபார்ம் வாங்கி என் பேரைப் போடப் போறேன் அங்கிள். பொண்ணுக்கு இனிமே நான் ஒருத்திதானே."

"தீட்டு கழியட்டுமேம்மா" என்று என் வாயே சொல்லப் பார்த்தது. அடக்கிக்கொண்டேன்.

போய் வாருங்கள், சபாபதி. உங்கள் மேல் கோபம் தீர எனக்கு நாளாகும்.

வாசிப்பவர்களே, இன்று உங்கள் பாலிசியை எடுத்து அதன் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு உங்களை நம்பி வந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள்.