அறுநூற்றுப் பன்னிரண்டு கிராம்

ஓட்ஸை எண்பது கிராம் நிறுத்துப் பையில் கட்டியதும் நெரிடா அந்தப் பையைத் திரும்பவும் தராசில் வைப்பாள். தராசை நம்பாதவள் இல்லை, தன் கையை நம்பாதவள். எண்பத்திரண்டு காட்டினால் பையைப் பிரித்து, இரண்டு கிராமைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். பதினெட்டு நாள் நடைக்கு நிறுத்து முடிக்கும்போது அவளுக்குத் தனியாகக் காலைச் சாப்பாடு தேவைப்படாது.

இப்படி கிராம் கிராமாகப் பிடுங்குபவள், ஒன்றே கால் கிலோ பழக் கேக்கை மட்டும் முதுகுப்பையின் அடியில் வைத்துக்கொண்டு மலையேறுவாள். கேட்டால், "அது எடை இல்ல, மருந்து" என்பாள்.

மலையடிவார ஊரான ஹேஃபீல்டில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். வயது அறுபத்து நான்கு. வால்ஹாலாவில் தொடங்கி ஹோத்தம் வரை மலை முகட்டிலேயே போகும் பாதையில் நடக்க ஊரில் யார் கிளம்பினாலும், முதலில் அவள் சமையலறைக்குத்தான் வருவார்கள். எந்த ஓடை வெயிலில் முதலில் வற்றும், காட்டுத்தீக்குப் பிறகு எந்தச் சரிவில் இடுப்பளவு புதர் மண்டிக் கிடக்கிறது, எந்தக் குடிசையின் தண்ணீர்த் தொட்டியில் எலி செத்து மிதக்கும் என்பதெல்லாம் அவளுடைய வரைபடங்களில் பென்சிலால் குறித்திருக்கும். பேனாவைத் தொடவிட மாட்டாள். "பேனாவால எழுதினா மலை நம்மளப் பாத்து சிரிக்கும்."

இருபத்திரண்டு வருஷமாக அவளோடு நடப்பவள் ரோண்டா. இருவருக்கும் பொதுவாக ஒரு கூடாரம். வாங்கிய நாளிலேயே அதைப் பாகம் பிரித்தாயிற்று: துணி ரோண்டாவின் வீட்டில், கம்பிகள் நெரிடாவின் வீட்டில். மலையிலும் அப்படித்தான் சுமப்பார்கள். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்திக்குக் கூரை கிடையாது.

ஒவ்வொரு நடையின் கடைசி நாளும் நெரிடா பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுச் சபதம் செய்வாள். "அவ்வளவுதான்டி. இனி செத்தாலும் பையத் தோள்ல ஏத்த மாட்டேன்." இருபத்திரண்டு முறை சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் அவளே ரோண்டாவுக்குப் போன் போட்டு, "மேப்ப எடு" என்பாள். சபதம் அத்தோடு முடிந்தது.

போன வருஷமும் சபதம் குறைவில்லாமல் நடந்தது. போன்தான் நடக்கவில்லை. எப்போதும் நானே கூப்பிட வேண்டுமா, ஒரு தடவை அவள் கூப்பிடட்டுமே என்று நெரிடா உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் ரோண்டா, மூன்றாம் நாள் போய் மூன்றாம் மாதமும் போன பிறகு, இந்த முறை நிஜமாகத்தான் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். உலகத்திலேயே நெரிடாவின் சபதத்தை முதன்முதலாக நம்பிய ஆள் ரோண்டாதான்.

செப்டம்பரில் போன் வந்தது. "நெரி, நவம்பர்ல டேனிகாவோட கிளம்பறேன். திட்டம் மட்டும் நீ போட்டுக் குடேன். உன்ன மாதிரி யாரு போடுவா? அப்புறம், வீட்டுத் தொடர்பு ஆளா உன் பேரக் குடுத்துக்கறேன்."

வீட்டுத் தொடர்பு ஆள் என்றால், நடப்பவர்கள் சொன்ன தேதிக்குத் திரும்பாவிட்டால் போலீசுக்குச் சொல்பவர். சுருக்கமாக, வீட்டில் உட்கார்ந்திருப்பவர். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பதவி நெரிடாவின் கணவன் ஆல்வினுடையது.

"ஆகட்டும்டி" என்றாள் நெரிடா, தேன் ஒழுக. போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த அடுப்பை ஒரு மணி நேரம் தேய்த்தாள்.

டேனிகா முப்பத்தெட்டு வயது பிசியோதெரபிஸ்ட். ரோண்டாவின் முழங்காலைச் சரிசெய்தவள். "முழங்காலப் பிடிச்சா, அப்படியே ஆளையும் தூக்கிட்டுப் போயிட்டா" என்று நெரிடா ஆல்வினிடம் சொன்னாள். டேனிகா பல்துலக்கும் பிரஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்துவிடுகிறவள். கைக்குட்டை அளவுக்கு மடிகிற ஒற்றையாள் கூடாரம் வைத்திருக்கிறாள். நெரிடாவுக்கு அதெல்லாம்கூடப் பெரிதில்லை.

"அடுப்பே எடுத்துட்டு வரமாட்டாளாம். ஓட்ஸ பச்சத் தண்ணில ஊறப்போட்டுத் திம்பாளாம். டீ? டீக்கு என்ன பண்ணுவா? நாக்கத் தொங்கப்போட்டுட்டு உக்காந்திருப்பாளா?"

"நீதான் போகலயே, உனக்கென்ன?" என்றான் ஆல்வின்.

"எனக்கென்ன. ஒண்ணுமில்ல."

"எனக்குத்தான் கஷ்டம். நவம்பர் வந்தா உன்ன நினைச்சுக் கவலப்பட்டே பழகிட்டேன். இந்த வருஷம் யாருக்காகப் படறது?"

அந்தப் பாதையில் வரும் பேரி மலைத்தொடரில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கிடையாது. பாதையை விட்டு விலகி, வெடித்த பாறைக்குப் பின்னால் கசிகிற ஒரு சின்ன ஊற்று உண்டு. அதைக் கண்டுபிடித்தவள் நெரிடா. ரோண்டாவுக்கு இடம் ஞாபகம் இருக்காது, எப்போதும் பின்னாலேயே வந்தவள். டேனிகாவுக்காகப் பிரதி எடுத்த வரைபடத்தில் அந்த ஊற்றின் வட்டத்தை நெரிடா ரப்பரால் அழித்தாள். துகளை ஊதிவிட்டாள். மறுநாள் காலை ஓட்ஸ் நிறுப்பதற்கு முன்பே உட்கார்ந்து, அதே வட்டத்தைத் திரும்பப் போட்டாள், முன்னைவிட அழுத்தமாக. ஓரத்தில் எழுதினாள்: "பொறுமையாக நிரப்பவும். ஒரு பாட்டிலுக்குப் பத்து நிமிஷம்." பொறாமைக்காரிதான், ஆனால் திட்டம் போடுவதில் நேர்மை தவறாதவள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். சுமையைக் குறைக்க முன்கூட்டியே வண்டியில் கொண்டுபோய், வழியில் மரக்கட்டைக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டிய சாப்பாட்டு வாளிகள் மூடி இறுக்கித் தயாராக இருந்தன. டேனிகா ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "அம்மாடி, ரெண்டு பேருக்கு இவ்வளவா?" என்றாள்.

"பேரி மலப் பசி உனக்குத் தெரியாது கண்ணு."

"கம்பி எங்கடி?" என்றாள் ரோண்டா. நெரிடா உள்ளே போய்ப் பச்சை உறையில் சுருட்டிய கூடாரக் கம்பிகளைக் கொண்டுவந்தாள். கொடுக்கும்போது உறையின் ஒரு நுனி அவள் கையிலிருந்து வர மறுத்தது. ரோண்டா இன்னொரு தரம் இழுத்து வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

காவல் நிலையத்தில் கொடுக்கும் பயண விவரத் தாளையும் நெரிடாவே எழுதி வைத்திருந்தாள். நடப்பவர்களின் பெயருக்கான இடம் மட்டும் காலி. டேனிகா அதை எடுத்து வாசித்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு. வீட்டுத் தொடர்பு... ஆல்வினா? யாரு இது?"

"இவ புருஷன்" என்றாள் ரோண்டா. "நெரி, உன் பேரத்தானே போடச் சொன்னேன்?"

"போட முடியாது."

"ஏன்?"

"அன்னைக்கு நான் வீட்ல இருக்க மாட்டேன்."

கெண்டி கொதித்து விசில் அடித்தது. நெரிடா எழுந்து போய் அதை இறக்கினாள். மூன்று கோப்பைகளிலும் ஊற்றி முடிக்கும்வரை திரும்பவில்லை.

"இனி செத்தாலும் ஏற மாட்டேன்னு சொன்ன" என்றாள் ரோண்டா.

"எந்த வருஷம்டி சொல்லல?"

ரோண்டா வாளிகளைப் பார்த்தாள். டேனிகா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இங்கே தன் தொழில் உதவாது என்று புரிந்தவள் போலக் கோப்பையை எடுத்து ஊதினாள். "மலைல சூடா டீ குடிச்சு ரொம்ப நாளாச்சு" என்றாள். "இந்தத் தடவ கிடைக்குமா?"

ரோண்டா தன் பையைத் திறந்து, பச்சை உறையை வெளியே எடுத்து, மேசைமேல் வைத்து நெரிடாவின் பக்கமாகத் தள்ளினாள்.

நெரிடா யார் முகத்தையும் பார்க்கவில்லை. தராசில் இருந்த ஓட்ஸ் பையை இறக்கிவிட்டுக் கம்பிகளை ஏற்றினாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இருபத்திரண்டு வருஷமாக மனப்பாடமான எண்ணை, முதல் தடவை பார்ப்பவள் போலக் குனிந்து, உரக்க வாசித்தாள்: "அறுநூத்திப் பன்னெண்டு."