அடைப்புக்குச் செக் மொழியில் என்ன பெயர்

இன்பமணிக்கும் அவள் புருஷன் ஆல்டோவுக்கும் ஒரே தொழில்தான் என்று, ஓமான் நாட்டு ரூவியில் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு கேலி உண்டு. அவன் ஏசி மெக்கானிக். தண்ணீர் வடிகிற குழாயில் தூசி அடைத்துக்கொண்டால் ஊதி எடுப்பான். அவள் நர்ஸ். மூக்கில் அடைத்தாலும் நெஞ்சில் அடைத்தாலும் மூத்திரக் குழாயில் அடைத்தாலும் அவள்தான் ஓட வேண்டும். ஊருக்கெல்லாம் அடைப்பு எடுக்கிற இந்த இரண்டு பேருடைய வீட்டுச் சமையலறைத் தொட்டியில் மட்டும் தண்ணீர் மாதக்கணக்காகத் தேங்கித் தேங்கித்தான் இறங்கும். கேட்டால் அவன் அவளைக் கைகாட்டுவான், அவள் அவனைக் கைகாட்டுவாள்.

இன்பமணி உவரிக்காரி. அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். வாய் ஓயவே ஓயாது. ஊசி போடும்போதும் பேசுவாள், படுக்கை விரிப்பு மாற்றும்போதும் பேசுவாள். ஓமானியிடம் கையில் இருக்கிற நாலு அரபிச் சொல், பங்களாதேஷ்காரரிடம் இந்தி, மற்றவர்களிடம் இங்கிலீஷ். எதுவும் செல்லாவிட்டால் உவரித் தமிழ். ஒரு மனுஷன் நோவோடு படுத்துக் கிடக்கும்போது பேச்சுக்கு ஆள் இல்லாமல் போகக்கூடாது என்பது அவள் கட்சி. அதில் அவளை யாரும் அசைக்க முடியாது.

அப்பேர்ப்பட்டவளையே திண்டாட வைத்தவர் ஒல்ட்ரிச். செக் நாட்டுக்காரர், ஆறடி உயரம், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலைக்குப் பம்பு பொருத்த வந்தவர். ஒருநாள் காலையில் வேலையிடத்திலேயே சரிந்துவிட்டார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. வலது கையும் காலும் தொய்ந்துபோயின. அதைவிடக் கொடுமை, அவர் இத்தனை வருஷமாகப் பேசிக்கொண்டிருந்த இங்கிலீஷ் முழுக்கப் போய்விட்டது. தாய்மொழி மட்டும் குழறலாக மிஞ்சியது. சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இரவும் பகலும் பக்கத்தில் நிற்கிறவர்கள் என்ன செய்வது?

ஒல்ட்ரிச்சின் மனைவி ஹெலெனா ஊரில் இடுப்பெலும்பு அறுவை முடிந்து படுத்திருந்தாள். வர வழியில்லை. ஆனால் அவளுக்கு நிதானமான இங்கிலீஷ் தெரியும். இன்பமணி போனில் அவளைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தத்துவமெல்லாம் வேண்டாம் அம்மா, எங்கெங்கே அடைக்கிறது என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னால் எனக்குப் புரிய வேண்டும், அதற்கான வார்த்தைகளை மட்டும் கொடுங்கள் என்று கேட்டாள்.

இவள் இங்கிலீஷில் ஒவ்வொன்றாய்ச் சொல்ல, ஹெலெனா செக்கில் திருப்பிச் சொல்ல, கையுறை வந்த பெட்டியைக் கிழித்து அதன் அட்டையில் தமிழ் எழுத்தில் இன்பமணி எழுதிக்கொண்டாள். மூக்கடைப்புக்கு 'உத்ஸ்பனீ நோஸ்'. மலச்சிக்கலுக்கு 'ஸாத்ஸ்பா'. சாலையில் வண்டிகள் நகராமல் நின்றாலும் எங்களுக்கு அதே வார்த்தைதான் என்று ஹெலெனா சொன்னபோது, மாலை நேரத்து ரூவியை நினைத்து இன்பமணி விழுந்து விழுந்து சிரித்தாள். வழியில் குறுக்கே கிடக்கும் தடைக்கு 'ப்ர்ஷெகாஷ்கா'. அதைச் சொல்வதற்குள் அவள் நாக்கே தடுக்கி விழுந்தது. தொண்டையில் புரையேறுவதற்கு 'ஸாஸ்கோச்சிலோ'. கடைசியில், எல்லாம் விலகி வழி கிடைத்துவிட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள். 'வோல்னோ' என்றாள் ஹெலெனா. அதை அட்டையின் அடியில் பெரிதாக எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினாள்.

அன்றைக்கு ஒல்ட்ரிச் மூக்கைத் தொட்டுக் காட்டி ஏதோ முனக, இவள் அட்டையைப் பார்த்து 'உத்ஸ்பனீ?' என்று கேட்டாள். அந்த மனுஷன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மூக்கைச் சுத்தம் செய்துவிட்டு 'வோல்னோ' என்றாள். அவரும் 'வோல்னோ' என்றார். வார்டே வேடிக்கை பார்த்தது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புதன்கிழமை வந்தது. மூக்கு வழியாகப் போட்டிருந்த சாப்பாட்டுக் குழாயை ஒல்ட்ரிச் இரண்டு முறை பிடுங்கிப் போட்டிருந்தார். விழுங்கும் பரிசோதனை செய்து பார்த்தார்கள். கெட்டியாக ஏதாவது கொடுத்தால் மெல்ல விழுங்குவார் என்று தெரிந்தது. மதியம் மூன்று மணிக்கு நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைத் தாழ்த்தி, இன்பமணி பூசணிக் கூழைச் சிறு கரண்டியில் கொடுத்தாள். முதல் கரண்டி இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதில் புரையேறிவிட்டது.

முகம் சிவந்து இருமினார். முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள், படித்தபடி எல்லாம் செய்தாள். இருமல் அடங்கியது. அடங்கியதும் அவள் கை படிக்காத ஒன்றையும் செய்துவிட்டது. அவர் உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டி, "யாரோ நெனைக்காவ" என்றது வாய். புரையேறினால் உவரியில் எந்தப் பிள்ளைக்கும் செய்வதுதான். பிறந்ததிலிருந்து பழகிய கைக்கு, இது ஆஸ்பத்திரி, இவர் வெள்ளைக்காரர் என்று எப்படித் தெரியும்?

ஒல்ட்ரிச் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கையும் காலும் விழுந்து கிடக்கிற ஒரு பெரிய மனுஷன், சாப்பிடத் தெரியவில்லை என்று தலையில் அடி வாங்கினால் எப்படிப் பார்ப்பான்? அப்படிப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வாய் இறுக மூடிக்கொண்டது. மறுபடி திறக்கவே இல்லை.

வார்டு இன்சார்ஜ் நஸீரா சிஸ்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். அவள் கோழிக்கோட்டுக்காரி, அவள் ஊரிலும் தலையில் தட்டுவார்கள். அதனால்தான் மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போடவில்லை. ஆனால் தனியே கூப்பிட்டு, பக்கவாதம் வந்த தலையிலா உன் கைவரிசையைக் காட்டினாய் என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

வியாழனும் அவர் வாய் திறக்கவில்லை. வேறு நர்ஸ் போனாலும் அதே கதை. டாக்டர் வந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வரை இப்படியே இருந்தால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடலாம் என்றார். அவருக்கு அது சின்னக் காரியம். இன்பமணிக்கு அப்படி இல்லை. விழுங்கத் தெரிந்த மனுஷன். தன் கை சும்மா இருந்திருந்தால் இந்நேரம் ஒரு கிண்ணம் சாப்பிட்டிருப்பார். தன்னால் அவர் வயிற்றில் கத்தி விழப்போகிறது.

தலைமாட்டு அட்டையைப் பார்த்தபடி அவர் முன்னால் உட்கார்ந்தாள். உத்ஸ்பனீயா? தலையாட்டல், இல்லை. ஸாஸ்கோச்சிலோவா? இல்லை. அட்டை முழுக்கக் கேட்டு முடித்துவிட்டாள். மூக்கிலும் தொண்டையிலும் நெஞ்சிலும் வயிற்றிலும் எங்கேயும் அடைக்கவில்லை. அடைத்திருந்த இடத்துக்கு அவள் வார்த்தை எழுதி வைத்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. இருந்தும் யூனிஃபார்ம் போடாமல் மதியம் வார்டுக்குப் போனாள். நஸீரா சிஸ்டர் புருவத்தை உயர்த்தினாள், தடுக்கவில்லை. கட்டில் பக்கத்தில் நின்றே ஹெலெனாவைக் கூப்பிட்டாள். முந்தின இரண்டு நாளும் நல்லா இருக்கார் என்று பூசி மெழுகியிருந்தாள். இனி முடியாது.

"உங்க வீட்டுக்காரர் தலையில நான் தட்டிட்டேன். அவர் அடின்னு நெனச்சுட்டார்" என்றாள். இன்பமணி மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். எங்கள் ஊரில் புரையேறினால் தூரத்தில் பிரியமான யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று அர்த்தம். தலையில் தட்டி அதைச் சொல்வோம். அடி இல்லை, சத்தியமாக அடி இல்லை. படித்த நர்ஸ் இதையெல்லாம் நம்புகிறாளே என்று நினைக்காதீர்கள், கை பழகிப்போச்சு என்று முடித்தாள்.

மறுமுனையில் ஹெலெனா அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிக்கவும் செய்தாள். எங்களுக்கு விக்கல் வந்தால் இதையேதான் சொல்வோம், யாரோ உன்னை நினைக்கிறார்கள் என்று. தலையில் மட்டும் தட்ட மாட்டோம். போனை அவர் காதில் வை என்றாள்.

ஹெலெனா செக்கில் நெடுநேரம் பேசினாள். ஒல்ட்ரிச் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். பிறகு மெல்லத் திரும்பி, இன்பமணியை மேலும் கீழும் பார்த்தார். குழறிக் குழறி ஒரு கேள்வி கேட்டார்.

ஹெலெனா அதை இங்கிலீஷில் சொன்னாள். "புதன்கிழமை மதியம் என்னை நெனச்சது யாருன்னு கேக்கிறார்."

பதிலும் ஹெலெனாவிடமிருந்துதான் வந்தது. முதலில் செக்கில் அவரிடம், அப்புறம் இவளிடம். "நான்தான். தினமும் நடு மதியம் சூப்பை முன்னால வச்சுக்கிட்டு அவரைத்தான் நெனைக்கிறேன்."

ஒல்ட்ரிச் இடது கையை நீட்டினார். நீட்டியது கரண்டிக்கு. நஸீரா சிஸ்டர் கூழைச் சூடாக்க ஓடினாள். இன்பமணி தாடையைத் தாழ்த்திப் பிடிக்க, அவரே இடது கையால் வாய்க்குக் கொண்டுபோனார். பாதி சட்டையில் சிந்தியது. மீதி இறங்கியது. இறங்கினதும் அவர் 'வோல்னோ' என்றார். போனிலிருந்தும் 'வோல்னோ' என்று குரல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தபோது கிண்ணம் காலியாக இருந்தது. குழாய்ப் பேச்சு அத்தோடு முடிந்தது. அடுத்த மாதம் சக்கர நாற்காலியில் அவரை விமானத்துக்கு அனுப்பினார்கள். தலைமாட்டு அட்டையைப் பிய்த்துக் கையோடு கொண்டுபோய்விட்டார். அதில் ஒரு எழுத்துகூட அவரால் வாசிக்க முடியாது.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. ஆல்டோ ஒருவழியாகச் சமையலறைத் தொட்டிக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து முடித்திருந்தான். அந்தப் பெருமையிலேயே நேரம் ஓடி, மூன்று மணிக்குத்தான் சோற்றில் கை வைத்தார்கள். சீலா மீன் குழம்பு. இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள், இன்பமணிக்குப் புரையேறிவிட்டது. ஆல்டோ இடது கையால் அவள் உச்சந்தலையில் தட்டினான்.

"ஏட்டி, யாரு நெனைக்காவ உன்னைய?"

இருமி முடித்து, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். செக் நாட்டுக்கான மூன்று மணி நேரத்தைக் கழித்துப் பார்த்தாள். அங்கே நடு மதியம்.

"ஒல்ட்ரிச்சு" என்றாள். "சூப்பு குடிக்காவ."