இறக்கத்தில் குதித்தேன்

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எனக்கு மேடும் பள்ளமுமான சாலை பழக்கமில்லை. 1959-ல் கல்யாணமாகி மருங்காபுரிக்கு வந்த புதிதில், என் கணவர் என்னை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து மணப்பாறைச் சந்தைக்குக் கூட்டிப்போனார்.

ஓர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. "பயப்படாத, கெட்டியா புடிச்சுக்க. கீழே உழுத வயல் இருக்கு, அதுல விட்டுடுறேன்" என்றார். எதிரே லாரியைப் பார்த்ததும் நான் அலறிக்கொண்டு குதித்துவிட்டேன். எனக்குச் சிராய்ப்புதான். திரும்பிப் பார்த்த அவர் புளியமரத்தில் மோதிவிட்டார்.

"உனக்கு அடி பட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தார். வலது மணிக்கட்டு தொங்கியது. எலும்பு கூடியும் அந்தக் கை முன்போல் மடங்கவில்லை. சொன்ன வயல் பக்கத்திலேயேதான் இருந்தது. பேசாமல் உட்கார்ந்திருக்கலாம்.

அதற்குப் பிறகும் சைக்கிளில்தான் சந்தைக்குப் போனோம். இறக்கம் வந்தால் அவர் சொல்லும் முன்பே நான் இறங்கிவிடுவேன். ஹாண்டில்பாரின் வலப்பக்கத்தை நான் பிடித்துக்கொள்ள, இருவருமாகத் தள்ளிக்கொண்டு நடப்போம்.