துணிக் கிளிப்பு நடவு

எனக்கு வாய் நீளம். ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். அதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன், தொண்ணூற்றேழாம் வருஷத்து மழைக்காலம் வரைக்கும். அந்த வாயால்தான் ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போட்டேன். அவள் பெயர் பொன்னி.

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வேலைக்குப் போகும் அம்மாக்கள் எட்டுப் பேர் சேர்ந்து, ஒரு வீட்டு முன்னறையில் குழந்தைகள் காப்பகம் நடத்தினோம். பொன்னிதான் அதற்கு ஆயா. முப்பத்தைந்து வயதிருக்கும். சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே காலனியில் வீடு. மழையானாலும் வெயிலானாலும் ஏழரை மணிக்கெல்லாம் நடந்தே வந்துவிடுவாள். கத்தமாட்டாள், கை ஓங்கமாட்டாள். நான் படியேறும்போதே என் இடுப்பிலிருந்து நிதினைப் பிடுங்கிக்கொள்வாள். கேட்பதெல்லாம் கிடையாது. "வா நைனா" என்று ஒரே இழுப்பு. நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன்.

நிதினுக்கு இருபது மாதம் ஆகியும் நடை வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான், கையை எடுத்தால் பொத்தென்று உட்கார்ந்துவிடுவான். "ஒன்றுமில்லை, காலுக்கு வேலை கொடுங்கள், குனிந்து நிமிரட்டும்" என்றார் டாக்டர். கொடுத்தேனா? மழை பிடித்ததும் காலுறை மாட்டி, நாற்காலியில் உட்கார வைக்கும்படி பொன்னியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சளி பிடித்தால் யார் லீவு போடுவது?

ஐப்பசியில் விடாமல் பெய்தது. புயல் எச்சரிக்கை வந்து ஒருநாள் மூன்று மணிக்கே ஆபீஸை விட்டுவிட்டார்கள். குடையை மடக்கிக்கொண்டு காப்பகத்து வாசலில் நின்றேன்.

உள்ளே நாற்காலிகளெல்லாம் ஓரமாகக் கிடந்தன. ஈரத் துணியால் தரையில் நீளமாக ஒரு கோடு இழுத்திருந்தாள். அது வரப்பாம். கொஞ்சம் பெரிய பிள்ளைகளான விஷாலும் அனுவும் தலையணையைத் தலையில் வைத்துக்கொண்டு அதன்மேல் விழாமல் நடந்துகொண்டிருந்தார்கள். நடுவில் பொன்னி குனிந்து, பின்னால் அடியெடுத்து வைத்தபடி, பச்சைத் துணிக் கிளிப்புகளை வரிசையாகத் தரையில் நட்டுக்கொண்டிருந்தாள். அவள் சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காலுறையில்லாமல், என் பிள்ளையும் குனிந்து நட்டான்.

"நெருக்கி வெக்காத நைனா. எடம் வுட்டு வை. அப்பதான் பயிரு நல்லா வரும்."

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். எங்கள் நிலத்தில் பெண்கள் அப்படித்தான் குனிந்து பின்னால் போவார்கள். நான் வரப்பில் குடை பிடித்து நின்று பார்த்தவள். அந்தக் குனிவைப் பார்த்த உடனே கோபம் உச்சியில் ஏறிவிட்டது.

"என் பிள்ளைய நாத்து நடவா உங்கிட்ட விட்டுட்டுப் போறேன்?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "சேத்துல பொறந்த புத்தி சேத்துலதானே நிக்கும்."

பொன்னி நிமிர்ந்தாள். "சும்மா ஆட்டம் மேடம். மழைல புள்ளைங்க ஒரே எடத்துல குந்திகினு கீதுங்களேன்னு..." என்றவள், பாதியில் நிறுத்திவிட்டுக் கிளிப்புகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

காப்பகப் பொறுப்பைப் பார்த்த ஞானம்பாள், "எதுவானாலும் எழுதிக் குடுங்க" என்றார். நான் ஸ்டெனோ. எழுதச் சொல்ல வேண்டுமா? அன்றைக்கே டைப் அடித்தேன். குழந்தைகளைக் கூலி வேலைக்குப் பழக்குகிறார் என்று ஒரு வரி. ஒரு எழுத்துப்பிழை கிடையாது. மறுநாளே பொன்னியை நிறுத்திவிட்டார்கள்.

புது ஆயா குழந்தைகளை டிவி முன்னால் உட்கார வைத்தாள். மழையும் விடவில்லை. நிதின் ராத்திரியெல்லாம் சிணுங்கினான். மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாலுக்குள் கட்டிய கொடியிலிருந்து ஈரத்துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். கிளிப்பு டப்பா கவிழ்ந்தது.

நிதின் தவழ்ந்து வந்தான். ஒரு கிளிப்பை எடுத்துத் தரையில் வைத்தான். எழுந்தான். சுவர் இல்லை, என் கை இல்லை. ஓர் அடி பின்னால் வைத்தான். குனிந்தான், இன்னொன்று வைத்தான். மறுபடி எழுந்தான். நடுவில் எடம் விட்டு, எடம் விட்டுப் பதினோரு கிளிப்பு.

என் கணவர் நரசிம்மன் பேப்பரைக் கீழே போட்டுவிட்டார். "அடேய், யாருடா உனக்கு இதச் சொல்லிக் குடுத்தா?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரியலையே" என்றேன்.

புகார் எழுதியதைவிட அந்தப் பொய்தான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது. கட்டின புருஷனிடம்கூட அவள் பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் லீவு போட்டேன். நிதினை இடுப்பில் வைத்துக்கொண்டு, தூறலில் விசாரித்து விசாரித்து அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் கூரை ஒழுகுகிற இடத்துக்குப் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன் பொன்னி. லெட்டரத் திருப்பி வாங்கிக்கறேன். நீ வந்துடு."

"திருப்போரூர்ல ஒரு மண்டபத்துல பாத்திரம் கழுவ வரச் சொல்லிக்கீறாங்க மேடம். நாளையிலேர்ந்து போறேன்." குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "நாலு வயசுல கழனில எறங்கனவ நானு. ஸ்கூல்ல ஆடுற ஆட்டம் எனக்கு இன்னா தெரியும்? தெரிஞ்சத ஆடனேன்."

வாங்கிக்கட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் குரலைக் கேட்டதும் நிதின் என் இடுப்பிலிருந்து நழுவினான். கீழே விட்டேன். ஈர மண்ணில் ஒரு நொடி தடுமாறினான், அப்புறம் ஓடினான். நடப்பதற்கே தவித்த பிள்ளை, பத்தடி ஓடிப் போய் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் மேலே நீட்டினான்.

பொன்னி குனிந்தாள். அவன் அக்குள் வரைக்கும் போன கைகள் அங்கேயே நின்றுவிட்டன. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"தூக்கட்டுமா மேடம்?" என்று கேட்டாள்.