வாளியில் அளந்த உரம்

1. பொறுப்பேற்ற நாள்

முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் நான். கள்ளிச்செடி வளர்ப்பு என் தொழிலன்று. என் மனைவியின் தொழில். கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் நிலத்தில் அவள் நடத்திவந்த, பாலித்தீன் கூரையிட்ட பாலிஹவுஸுக்குள், அவள் இறந்த பதினேழாம் நாள் காலை, முதன்முறையாகப் பொறுப்பாளனாக நுழைந்தேன். அதன்பின் நான் செய்த ஒரு பிழை, இத்தொழிலுக்குப் புதிதாக வருவோருக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

உள்ளே ஆரோக்கியமேரி இருந்தார். முன்பு நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஒன்பது ஆண்டுகளாக என் மனைவியுடன் இங்கே வேலை செய்தவர். துக்கம் விசாரிப்பதை அவர் முன்பே முடித்திருந்தார். நேராக நான்கு ட்ரேக்களின் முன் என்னை நிறுத்தினார்.

"இது அம்மா கடைசியா போட்ட வெதை சார். ஆஸ்ட்ரோ. பிரஷ்ஷால பூவுக்குப் பூ தொட்டு, காய் புடிக்க வெச்சி, அவங்களே எடுத்த வெதை. மத்தது எப்படியும் பொழச்சிக்கும். இத மட்டும் உட்ராதீங்க."

இந்த வகை ஆஸ்ட்ரோபைட்டம் முள்ளில்லாத உருண்டைக் கள்ளி. வளர்ந்தபின் மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம் போலிருக்கும். நாற்றுகள் அப்போது மிளகு அளவுதான். இருநூறுக்கு மேல் இருந்தன. அவற்றை உயிரோடு வைத்திருப்பதைத் தவிர வேறு வேலை எனக்கு இல்லை என்று அன்று முடிவு செய்துகொண்டேன்.

2. பித்தளை மிக்ஸர்

என் மனைவி உரத்தை டிரம்மில் கரைத்துப் பூவாளியால் ஊற்றுவாள். ஹோஸில் போவது வெறும் தண்ணீர் மட்டுமே. இது வீண் உழைப்பு என்று எனக்குத் தோன்றியது. குழாய்க்கும் ஹோஸுக்கும் இடையில் பொருத்துகிற ஒரு சிறிய பித்தளை மிக்ஸரை வாங்கி வந்தேன். அதிலிருந்து ஒரு மெல்லிய டியூப் வாளிக்குள் போகும். தண்ணீர் ஓடும் வேகத்தில் வாளியிலுள்ள அடர்கரைசல் உறிஞ்சப்பட்டு, பதினாறு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு என்ற விகிதத்தில் கலந்து ஹோஸில் வெளிவரும்.

"மேரி, இனிமே பூவாளி வேணாம். வாரத்துக்கு ஒரு நாள் நான் வாளியில கரைச்சு வச்சிடறேன். நீங்க ஹோஸப் புடிச்சா போதும்."

"அம்மாவுக்கு இது தெரியாமப் போச்சே சார். ஒம்போது வருசமா தூக்கித் தூக்கி என் இடுப்புதான் ஒடிஞ்சிது" என்று சிரித்தார்.

லிட்டருக்கு எட்டு கிராம் என்று கரைத்து வைத்தேன். வெளிவரும்போது அரை கிராம். நாற்றுக்கு அதுவே போதும். கரைத்து வைத்ததும் என் வேலை முடிந்தது என்று அறைக்குப் போய்விடுவேன்.

ஆறு வாரம் கழிந்தும் நாற்றுகள் மிளகாகவே இருந்தன. நிறமும் வெளுத்தது. எட்டைப் பதினாறாக்கினேன். பிறகு இருபத்துநான்கு. பிறகு முப்பத்திரண்டு.

"இன்னா சார், மருந்த ஏத்திக்கினே போறீங்க? புள்ளைங்களுக்கு வயித்தால போவப் போவுது."

"மருந்து இல்ல மேரி, சாப்பாடு. கணக்குப் பாத்துதான் போடறேன்."

"கணக்கு உங்களுக்குத் தெரியும். செடிக்குத் தெரியுமா?"

வெளியே, வேலியோரத்து வாழை மட்டும் அந்த ஆண்டு அளவுக்கு மீறித் தழைத்திருந்தது. அதைப் பார்த்தேன்; ஏன் என்று யோசிக்கவில்லை.

3. நான் ஹோஸைப் பிடித்த அன்று

பேரனின் ஞானஸ்நானத்துக்காக ஆரோக்கியமேரி நான்கு நாள் வில்லியனூரில் மகள் வீட்டுக்குப் போனார். உரமிடும் நாள் இடையில் வந்தது. நானே ஹோஸை எடுத்தேன்.

நாற்றின் தலையில் தண்ணீர் விழுந்தால் மண் சிதறும் என்று அஞ்சி, ட்ரேக்களை அகலமான தட்டுகளில் வைத்தேன். ஹோஸின் முனையைத் தட்டில் கிடத்தித் தண்ணீரைத் திறந்து விட்டேன். ஈரம் அடியிலிருந்து மேலேறும். வாளியில் கரைசல் விறுவிறுவென்று இறங்கியது. மிக்ஸர் நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ச்சி அடைந்தேன்.

மூன்றாம் நாள் மண்ணின்மேல் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. நாற்றுகள் ஓரங்களில் பழுப்பாகிச் சுருங்கியிருந்தன. சிலவற்றை விரலால் தொட்டபோது, உள்ளே ஒன்றுமில்லாத தோலாக அமுங்கின. ட்ரேயை இருந்த இடத்திலேயே வைத்தேன். அவள் கையால் செய்த கடைசி வேலை அது.

4. கட்டைவிரல்

மறுநாள் ஆரோக்கியமேரி வந்து பார்த்தார்.

"வாளியில எவ்ளோ போச்சி சார்?"

"முழுசும்."

"முழுசுமா? நான் ஊத்தும்போது அரைக்கால் வாளிகூட எறங்காதே!"

"மீதிய என்ன செய்வீங்க?"

"சாயந்தரம் வாளிய கழுவிக் கவுத்துடணும்னு அம்மா சொல்லுவாங்க. அதான், தண்ணி கலந்து வாழைக்கு ஊத்திடுவேன்."

அவரை வழக்கம்போல் ஊற்றச் சொன்னேன். ஹோஸின் வாயில் கட்டைவிரலை அழுத்தி வைத்தார். தண்ணீர் மெல்லிய சாரலாக விரிந்தது. வாளியில் இறங்கியிருந்த டியூபைப் பார்த்தேன். அதில் ஓட்டமே இல்லை.

"வெரல எடுங்க."

எடுத்தார். டியூபில் கரைசல் உடனே ஓடத் தொடங்கியது.

முனையை அடைத்தால் ஹோஸுக்குள் எதிரழுத்தம் ஏறும். மிக்ஸர் உறிஞ்சுவதை நிறுத்திவிடும். முதலாண்டு மாணவனுக்கும் நான் விளக்கக்கூடிய செய்தி. பத்து வாரங்கள் செடிகள் பெற்றது வெறும் தண்ணீர். பட்டினியைக் கண்டு நான் வாளியில் நான்கு மடங்கு ஏற்றினேன். அந்த நான்கு மடங்கும் ஒரே நாளில், நாற்றுகளின் வேரில், என் கையால் இறங்கியது.

"வெரல் வெக்கச் சொன்னது அம்மாதான் சார்" என்றார், குற்றம் தம்முடையதோ என்ற குரலில். "மண்ணு தெறிக்காம இருக்கணும்னு."

"அவ சொன்னது சரி. வெறும் தண்ணிக்கு அதுதான் சரி. மிக்ஸர மாட்டின நான்தான் வந்து பாக்கல."

"பாத்திருந்தா வாழைக்குத்தான் நஷ்டம்" என்றார். என் மனைவி இறந்தபின் நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

5. கழுவுதல்

எங்கள் போர்வெல் தண்ணீரில் உப்பு உண்டு. ஆகவே கூரையிலிருந்து பிடித்து வைத்த மழைநீரால் ட்ரேக்களைக் கழுவினோம். மேலிருந்து பூவாளியில் மெதுவாக ஊற்றி, அடியில் வடிகிற நீரை ஈசி மீட்டரில் அளப்பேன். அது உப்பின் அளவைக் காட்டும் கருவி. எண் இறங்கும்வரை மறுபடி ஊற்றினோம். மூன்று நாள் இப்படி. பிறகு வெயிலை மறைக்கும் ஷேட் நெட்டை இரட்டையாக இழுத்துவிட்டு, மண்ணைக் காயவிட்டோம். கருகியவற்றைப் பிடுங்கி எறிய நான் கை நீட்டியபோது, ஆரோக்கியமேரி ட்ரேயைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவசரப்படாதீங்க சார். மேல பழுத்திருந்தாலும் நடுவுல உசுரு இருக்கும். கெடக்கட்டும்."

ஐந்தாம் வாரத்தில் பழுப்பு வளையத்தின் நடுவே கடுகளவு பச்சை தெரிந்தது. ஒன்றில் பார்த்தபின் பலவற்றில் தெரிந்தது.

இப்போது மிக்ஸர் வழியாக வரும் நீரை, அடைப்பில்லாத ஹோஸில் டிரம்முக்கு விடுகிறோம். டிரம்மில் ஈசி அளந்தபின், சிறிய பம்பு ஒன்று அதை இன்னொரு ஹோஸில் செடிகளுக்குக் கொண்டுபோகிறது. அந்த ஹோஸில் கட்டைவிரல் வைத்தாலும் கலவை மாறாது. புதியவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உரத்தை வாளியில் அளப்பதோடு நிறுத்தாதீர்கள், செடிக்குப் போய்ச்சேரும் இடத்தில் அளந்து பாருங்கள். ஹோஸைப் பிடிப்பவர் எப்படிப் பிடிக்கிறார் என்று ஒரு நாளாவது பக்கத்தில் நின்று பாருங்கள்.

சென்ற மாதம் நாற்றுகளைத் தனித்தொட்டிகளுக்கு மாற்றினோம். ஒவ்வொரு தொட்டிக்கும் லேபிள் வேண்டும்: செடியின் பெயர், விதைத்த மாதம், விதைத்தவரின் பெயர். ஐம்பது லேபிள்கள் போதும் என்று கணித்து, முந்தின நாளே எழுதி வைத்திருந்தேன். காலை பத்து மணிக்குள் அவை தீர்ந்துவிட்டன. ட்ரேக்களில் இரண்டு இன்னும் தொடாமலே இருந்தன.

"கொறச்சலா எட போட்டுட்டீங்க சார்" என்றார் ஆரோக்கியமேரி, மண் கையை இடுப்பில் ஊன்றியபடி. "போயி வாங்கியாங்க. நான் அதுக்குள்ள தொட்டிய ரொப்பி வெக்கிறேன்."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மூலக்குளம் போனேன். கடைக்காரர் ஒரு கட்டா, இரண்டு கட்டா என்று கேட்டார். இரண்டு என்றேன். திரும்பி வந்து, தொட்டிகளுக்கு நடுவே அமர்ந்து, அவள் பெயரை மாலைவரை எழுதினேன்.