நசுங்காத எலுமிச்சம்பழம்

நவநீதன் கம்ப்யூட்டரில் ஒரு புளியமரம் வரைந்தால், அரூரிலிருந்து காக்கைகள் கிளம்பி வந்து திரைக்கு முன்னால் வரிசைகட்டி உட்காரும். இது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். காக்கை எதுவும் வரவில்லை. பல்லி ஒன்று வந்தது. அதுவும் மரத்துக்காக வந்ததா, திரை வெளிச்சத்தில் மொய்த்த பூச்சிக்காக வந்ததா என்று யாரும் அதனிடம் விசாரிக்கவில்லை. ஆனால் அவன் வரைந்த மரம் அசல் மரமாகவே நின்றது என்பதில் மட்டும் பொய் கிடையாது.

அரூர்ப் பக்கம் மரவள்ளி போடுகிற வீட்டுப் பிள்ளை. பேச்சும் குறைவு, கைவேகமும் குறைவு. தர்மபுரியில் ஒரு கல்லூரியில் வீடியோ கேம் செய்யப் படித்துக்கொண்டிருந்தான். அந்தப் பாடத்தில் ஒண்டியாளாகத் தேற முடியாது. குழுவாகச் சேர்ந்து ஒரு விளையாட்டைச் செய்து, பாடம் எடுக்கும் சகாயமேரி மேடத்தின் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஆள் தோதுப்படவில்லை என்றால் காட்டும் நாள் வரைக்கும் எப்போது வேண்டுமானாலும் அவன் பெயரைக் குழுவிலிருந்து அடித்துவிடலாம். அந்த அதிகாரம் குழுத் தலைவருக்கு உண்டு.

நவநீதன் பெயரை ஏற்கெனவே இரண்டு குழுக்கள் அடித்திருந்தன. முதல் குழு கார் பந்தயம் செய்தது. கார் புறப்படத் தயாராகி நின்றபோதும் இவன் சாலையோர மரத்துக்கு இலை வைத்துக்கொண்டிருந்தான். இரண்டாவது குழு பேய்களைச் சுடும் விளையாட்டு செய்தது. கதவை உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் பாயும் பேய்களை வரையச் சொன்னார்கள். வரைந்தான். கூடவே வாசலில் அவற்றின் செருப்புகளையும் வரைந்து வைத்தான். எதற்கு என்று கேட்டதற்கு, "யாரா இருந்தாலும் செருப்பக் கழட்டிட்டுத்தானே வூட்டுக்குள்ள வருவாங்க" என்றான். அன்றைக்கே கழற்றிவிட்டார்கள், செருப்பையல்ல, அவனை.

மூன்றாவதாக அவனைச் சேர்த்துக்கொண்டவள் பொம்மிடியிலிருந்து வரும் தேவிப்பிரியா. கறாரான பெண். இவளும் அடித்துவிட்டால் அடுத்த வருடம் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே பாடத்தை மறுபடி படிக்க வேண்டியதுதான். அந்தப் பயத்தில் நவநீதன் இந்தமுறை இலைகளைக்கூடக் கொஞ்சம் சீக்கிரமாக வைத்தான்.

தொப்பூர் மலை இறக்கத்தில் ஒரு சரக்கு லாரியைக் கவிழாமல் இறக்கிக் கொண்டுபோவதுதான் இவர்களுடைய விளையாட்டு. லாரியின் ஓட்டத்துக்கும் பிரேக்குக்கும் நிரல் எழுதியது குழுவின் மூன்றாவது ஆள் முருகேஷ். மலை, சாலை, மரம், பாறை எல்லாம் நவநீதன் கைவேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாரி அலுங்காமல் குலுங்காமல் அடிவாரம் சேர்ந்தது. இனிமேல் மேடம் பார்க்கும்வரை யாரும் எதிலும் கை வைக்கக் கூடாது என்று தேவிப்பிரியா உத்தரவு போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் நவநீதன்தான் முதலில் லேபுக்கு வந்தான். திரையில் லாரி நின்றது. புது லாரி, முதல் சவாரி. அவன் ஊரில் டிராக்டரானாலும் மொபெட்டானாலும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் புதுவண்டி நகர்ந்ததில்லை. அவனுக்கு மனம் கேட்கவில்லை. கை வைக்கக் கூடாதென்று சொன்னது லாரியில்தானே, தரையில் இல்லையே என்று ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்தான். புதிதாகப் பழம் செய்ய நேரமில்லை. சாலையோரம் கிடந்த தன்னுடைய பாறைகளில் ஒன்றை நகல் எடுத்து, சிறிதாக்கி, உருட்டி, மஞ்சள் பூசி, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தான். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

சகாயமேரி மேடம் வந்து உட்கார்ந்து விசையைத் தட்டினார். லாரி ஓர் உறுமல் உறுமி, மிரண்ட காளைபோல முன்பக்கத்தைத் தூக்கி, ஆகாயத்துக்கு எழும்பி மேகத்தைத் தொட்டுவிட்டு மல்லாக்க விழுந்தது. மேகம் இல்லை, புளியமரத்து உச்சிதான். ஆனாலும் விழுந்தது விழுந்ததுதான். சக்கரங்களெல்லாம் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன.

மற்றக் குழுக்களைப் பார்த்துவிட்டு வருகிறேன், அதற்குள் சரிசெய்யுங்கள் என்று மேடம் எழுந்து போனார். தேவிப்பிரியா முருகேஷைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஓடிய லாரி திங்கட்கிழமை குட்டிக்கரணம் போடுகிறதென்றால் நீதான் பிரேக்கை நோண்டியிருக்கிறாய் என்று பிலுபிலுவென்று பிடித்தாள். தொடவே இல்லை என்று முருகேஷ் சத்தியம் செய்தான். அவள் பேசப்பேச அவனுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. பாடுபட்டு எழுதிய பிரேக்கை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக எழுதப் போவதாகச் சொன்னான்.

பக்கத்துத் திரையில் நவநீதன் லாரி கவிழ்வதை மெதுவாக ஓட்டிப் பார்த்தான். முன்சக்கரம் பழத்தின்மேல் ஏறியது. பழம் நசுங்கவில்லை. தோலில் ஒரு கீறல்கூட இல்லை. எது மோதினாலும் நகராத, உடையாத குணத்தைப் பாறைக்கு அவர்களே கொடுத்திருந்தார்கள். மஞ்சள் பூசினாலும் பாறை பாறைதான்.

சத்தமில்லாமல் பழங்களை எடுத்துவிட்டால் போதும். லாரி ஓடும், அவன் பெயரும் தப்பும். முருகேஷ் பிரேக்கைச் சரிசெய்துவிட்டான் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். முருகேஷின் விரல் அழிக்கும் விசைக்குப் பக்கத்தில் போயிருந்தது.

"பிரேக்க அழிக்காத முருகேஷ். கவுத்துனது எலுமிச்சம்பழம்."

"எந்தப் பழம்டா?"

"காத்தால வச்சேன். பாறையில செஞ்சது."

தேவிப்பிரியா சக்கரத்தடியை உற்றுப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழம நான் தமிழ்லதானே சொன்னேன்?"

நவநீதன் தலையை ஆட்டினான். பழத்தை முதலில் எடு, உன்னை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அதற்குள் முருகேஷ் குறுக்கே கை நீட்டினான்.

"எடுக்காத. வச்ச பழத்த எடுத்துட்டு வண்டிய எடுத்தா நல்லாவா இருக்கும்? நசுங்கற மாதிரி பண்ணிடறேன் இரு."

தனக்கென்று வந்து வாய்த்திருக்கிறார்களே என்று தேவிப்பிரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. முருகேஷ் பழத்தின் குணத்தை மாற்றினான். நவநீதன் தெறிக்கும் சாற்றை வரைந்தான். சாற்றுக்குள் விதைகளை ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்கியபோது அவள் பின்னாலிருந்து, விதை போதும் என்று அதட்டினாள்.

மேடம் திரும்பி வந்து விசையைத் தட்டினார். பழங்கள் நசுங்கிச் சாறு தெறித்தது. லாரி நகர்ந்து, வளைவுகளில் நிதானித்து, அடிவாரத்துச் சாப்பாட்டுக் கடைமுன் போய் நின்றது. மேடம் வாய்விட்டுச் சிரித்தார். மதிப்பெண் போடப் பெயர்களைக் கேட்டார். தேவிப்பிரியா தன் பெயரையும் முருகேஷ் பெயரையும் சொன்னாள். நவநீதனை ஒருமுறை முறைத்துவிட்டு, அவன் பெயரையும் சொன்னாள்.

"நவநீதன், படம் மட்டும். அப்படித்தானே?" என்றார் மேடம்.

"படம் மட்டும் இல்லீங்க மேடம். லாரி ஏன் கவுந்துச்சுன்னு கண்டுபுடிச்சதும் அவன்தான்" என்றான் முருகேஷ்.

"கவுத்துனதும் அவன்தானுங்க மேடம்" என்றாள் தேவிப்பிரியா.