அண்ணி சொன்னதும் நான் எழுதியதும்

தொலைக்காட்சியில் வந்த அந்தத் தீபாவளி நாடகத்தில் மகளாக நடித்த பெண் கோபத்தோடு கதவைச் சாத்தியபோது, கதவோடு சேர்ந்து வீட்டின் சுவரும் ஆடியது. சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டி கீழே விழுந்தது. நடித்துக்கொண்டிருந்த யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நான் சிரித்தேன். அண்ணியும் சிரித்தார். ஆனால் இரண்டும் ஒரே சிரிப்பு அல்ல என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

எண்பதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு, விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் ரயில் என்ஜின் ஓட்டுநர். நான் தினமும் பாசஞ்சர் வண்டியில் திண்டிவனம் போய் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு மாலையில் திரும்புவேன். சென்னை ஒளிபரப்பைப் பிடிக்க மொட்டை மாடியில் உயரமாக ஆண்டெனா நட்டிருந்தோம். காற்றடித்தால் படம் புள்ளி புள்ளியாகச் சிதறும். அண்ணிக்கு அது ஒரு தொந்தரவே இல்லை. தடங்கலுக்கு வருந்துகிறோம் என்ற அட்டை திரையில் நின்றாலும், அது போகும்வரை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருக்கு எல்லா நிகழ்ச்சிகளைப் பற்றியும் ஒரு கருத்து உண்டு. பொங்கல் சிறப்பு நிகழ்ச்சியில் ஒரு மந்திரவாதி தொப்பியிலிருந்து முயல் எடுத்தார். "முயலு முன்னாடியே மேசைக்கு அடியில மூச்சு விட்டுக்கினு இருக்குது தம்பி. துணி அசையுது பாருங்க" என்றார் அண்ணி. பிறகு, "ஆனா அந்த ஆளு எவ்ளோ ஆசையா எடுக்கறாரு. நாம பாக்கலன்னு நெனச்சிக்கலாம்" என்றார். குறையை என்னைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்த பிறகும் நிகழ்ச்சி அவருக்குப் பிடித்தே இருக்கும். எனக்கோ குறை தெரிந்ததோடு நிகழ்ச்சி முடிந்துவிடும். அதைத்தான் நான் ரசனை என்று நினைத்திருந்தேன்.

தீபாவளி நாடகத்தின் கதை சாதாரணமானது. கோபித்துக்கொண்டு பல வருடம் வராமலிருந்த அப்பா, தீபாவளியன்று துணிப்பையோடு மகள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். அப்பாவாக நடித்த பெரியவர் வசனத்தை மறந்துவிட்டார். மகள் "வாங்கப்பா" என்று இரண்டு முறை சொல்லியும் அவர் வாயைத் திறந்தபடி பக்கவாட்டில் யாரையோ பார்த்து நின்றார். வெகுநேரம் கழித்து, "நல்லா இருக்கியாம்மா" என்றார். எனக்கு அது பெரிய வேடிக்கை. திரும்பிப் பார்த்தேன். அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணியின் அப்பா கண்டாச்சிபுரத்துக்காரர். அண்ணன் கல்யாணப் பந்தியில் எங்கள் வீட்டார் அவரை ஏதோ சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அவர் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் புடவையும் பலகாரமும் யாரிடமாவது கொடுத்துப் பேருந்தில் அனுப்புவார். தாமும் விழுப்புரம் வரை வந்து, பேருந்து நிலையத்திலேயே நின்று, ஆளை மட்டும் வீட்டுக்கு அனுப்பியதும் உண்டென்று பிறகு தெரிந்தது. அப்படியே ஒருநாள் இறந்தும் போனார்.

நாடகம் வந்த மறுநாள் அண்ணி அஞ்சலட்டை ஒன்றை நீட்டினார். அந்த நாட்களில் நேயர் கடிதங்களைப் படித்துப் பதில் சொல்லும் வாராந்தர நிகழ்ச்சி ஒன்று இருந்தது. "நீங்க படிச்சவங்க, அழகா எழுதுவீங்க. நான் சொல்றேன், போடுங்க" என்றார். சட்டை மாட்டிக்கொண்டிருந்த அண்ணன், "என்னாது, கவர்மென்ட்டுக்கே கடுதாசியா? பேஜாரு புடிச்சவடா உங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அண்ணி சொன்னது இதுதான். "செவுரு ஆடுச்சி, பரவால்ல. அந்தப் பெரியவரு பேச்சு வராம நின்னாரே, அதான் நெஜம். ரொம்ப நாள் கழிச்சி வர்ற அப்பனுக்கு ஒடனே எப்படிப் பேச்சு வரும்? எங்க அப்பா வந்திருந்தா அப்படித்தான் நின்னிருப்பாரு. அவருக்கு இன்னொரு நாடகம் குடுங்க."

நான் எழுதியது வேறு. அரங்க அமைப்பு கேலிக்குரியதாக இருந்தது என்றும், வசனத்தை மறந்து திகைக்கும் முதியவர்களை நடிக்கவைப்பது நேயர்களை அவமதிப்பது என்றும், மேற்கோள் காட்டத்தக்க நடையில் எழுதினேன். கீழே அண்ணியின் பெயரைப் போட்டேன். அவர் சொன்னதை எழுத அட்டையில் இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. இடம் இருந்தது.

மூன்றாவது வாரம் அது ஒளிபரப்பில் வந்தது. ஒருநாள் படிப்பார்கள் என்று நம்பி அண்ணி வாராவாரம் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை வேகவைத்துக் கொடுப்பார். அன்றும் நாலைந்து பேர் இருந்தார்கள். விழுப்புரம் என்று சொல்லி அவர் பெயரைச் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். அட்டை முழுவதும் படிக்கப்பட்டது. நேயரின் கருத்து நியாயமானது, சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவிக்கிறோம் என்றார் நிகழ்ச்சியை நடத்தியவர். "நல்லா குடுத்தீங்க டிரைவரம்மா, அந்தக் கெழத்த எல்லாம் யாரு நடிக்கச் சொன்னா?" என்றாள் ஒருத்தி. அண்ணி எல்லோருக்கும் இன்னொரு கை மல்லாட்டை அள்ளிவைத்தார். அவர்கள் போன பிறகு என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"அவரும் பாத்துக்கினு இருந்திருப்பாரு, இல்ல தம்பி?"

மறுநாள் காலையில் இன்னொரு அட்டை கொண்டுவந்தார். "நான் அப்படிச் சொல்லலன்னு போடாதீங்க, உங்களுக்குக் கேவலம். நான்தான் சரியாப் பாக்காம எழுதிட்டேன்னு போடுங்க. அவரு நல்லா நடிச்சாருன்னு போடுங்க. அது போதும்." அவர் சொன்னபடியே ஒரு சொல் மாற்றாமல் எழுதினேன். பையில் வைத்துக்கொண்டு திண்டிவனம் போனேன்.

அதற்குள் ஆசிரியர் அறையில் அந்த முதல் கடிதம் பிரபலமாகியிருந்தது. நான் எழுதியதென்று நானே சொன்னேன். ஒருவர் எழுந்து வந்து கை குலுக்கினார். மறுப்புக் கடிதமும் ஒளிபரப்பில் வந்தால் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். அன்று மாலை ரயில் நிலையத்தில் தபால்பெட்டியைத் தாண்டித்தான் நடந்தேன். "போட்டீங்களா தம்பி?" என்று அண்ணி கேட்டார். "போட்டேன் அண்ணி" என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அந்த நிகழ்ச்சிக்கு அவர் வந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிடவில்லை. நானும் அவரும்தான். முடிந்ததும், "நெறைய கடுதாசி வரும்ல" என்று எழுந்து உலை வைக்கப் போவார். அடுத்த பொங்கலுக்கும் அதற்கடுத்த தீபாவளிக்கும் சிறப்பு நாடகங்களில் அந்தப் பெரியவரைத் தேடினார். அவர் வரவில்லை. எங்கள் கடிதத்தால்தானா என்று தெரியாது. எனக்குக் கல்யாணமாகித் திண்டிவனத்தில் தனிக்குடித்தனம் போகும்வரை, ஏறக்குறைய இரண்டு வருடம், இப்படி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எந்த வாரமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அந்த அட்டையைக் கடைசியில் என்ன செய்தேன் என்பதுகூட நினைவில் இல்லை.

அண்ணி போன வருடம் காலமானார். காரியத்துக்குப் போனேன். எனக்கு அழுகை வரவில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எல்லோரும் போன பிறகு அண்ணனிடம் அந்த அட்டையைப் பற்றிச் சொன்னேன். தொண்ணூறை நெருங்கும் அவருக்குக் காது மந்தம். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"தெரியுமே" என்றார். "ஒன் பைய தொவைக்க எடுத்தப்ப அட்டைய பாத்திருக்கா. திருப்பி அதே எடத்துல வச்சிட்டேன்னு எங்கிட்ட சொன்னா."

"எப்ப?"

"அந்த வாரமே."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் வந்து உக்காந்தாங்க?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு என்னா தெரியும், நான் வண்டில இருப்பேன். நீதான பக்கத்துல உக்காந்துகினு இருந்த."

ஆமாம் என்றேன்.